எந்த மொழி சோறு போடும்?

கொழும்புத்துறை வீதியால் சுண்டிக்குளிப் பக்கம் போகும்போது மதில்களையும் மின்கம்பங்களையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஜேர்மன் ஏ1 வகுப்பு, பிரெஞ்சு வகுப்பு, ஐஈஎல்டிஎஸ், பேச்சு ஆங்கிலம், யப்பான் மொழி, கொரிய மொழிப் பரீட்சைக்கு விரைவுப் பயிற்சி என்று வரிசையாக ஒட்டியிருக்கும். யாழ்ப்பாணத்தின் எந்த வீதியிலும் இதே காட்சிதான். சிங்கள வகுப்புக்கான விளம்பரம் அருமையாகத்தான் கண்ணில் படும். பட்டாலும் அரச உத்தியோகத்தரின் தேர்ச்சிப் பரீட்சைக்கான வகுப்பாகவே அது இருக்கும். உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு வீடுகளில் ஒரே பேச்சு: பிள்ளை இன்னொரு மொழி படிக்கத்தான் வேண்டும், எதைப் படித்தால் உத்தியோகம் கிடைக்கும்?

வகுப்பு நடத்துபவரிடம் போய் இதற்கு விடை கேட்டால் அவர் தன் வகுப்பைத்தான் காட்டுவார். நாம் வேறு இடத்தில் தேட வேண்டும். யாழ்ப்பாணம் இந்தக் கேள்வியை இருநூறு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. சில தடவை நல்ல பலனும், சில தடவை கசப்பும் கண்டிருக்கிறது. அந்த அனுபவத்தையும், பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளையும், இன்றைய வேலைச் சந்தையையும் சேர்த்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மொழிக்கு உலகில் உள்ள பெருமை எவருக்கும் சம்பளம் தருவதில்லை. அந்த மொழியைக் கேட்கிற வேலை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த வேலை கேட்கிற அளவுக்கு மொழி கைவசப்பட வேண்டும். இரண்டும் கூடிவந்த காலங்களிலேயே யாழ்ப்பாணத்தவர் மொழியால் உயர்ந்தார்கள்.

ஆங்கிலத்திலிருந்து தொடங்குவோம். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி ஆரம்பமானது. கணிதமும் வானியலும் தத்துவமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. மிஷனின் நோக்கம் சமயம். பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரின் நோக்கம் உத்தியோகம். இந்த முரண்பாடு முற்றி, மிஷனின் செயலாளர் ரூஃபஸ் அண்டர்சன் நேரில் வந்து பார்வையிட்டபின் 1855இல் செமினரி மூடப்பட்டது. மாணவர்கள் ஆங்கிலத்துக்காகவும் அதனால் வரும் வருமானத்துக்காகவுமே வருகிறார்கள் என்பது அன்றைய முறைப்பாடுகளில் முக்கியமானது. ஆனால் அந்தப் பெற்றோர் கணக்குப் பிழைத்தவர்கள் என்று சொல்ல முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அந்த செமினரியில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னர் பழந்தமிழ் ஏடுகளைத் தேடி அச்சேற்றியதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலப் படிப்பு அவரைத் தமிழிலிருந்து பிரித்துவிடவில்லை. அது தந்த உத்தியோகமும் வசதியுமே அந்தத் தமிழ்ப்பணிக்குக் கைகொடுத்தன.

ஆறுமுக நாவலரும் இதை அறிந்திருந்தார். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் ஆங்கிலம் கற்றவர் அவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவரே, 1872இல் சைவப் பிள்ளைகளுக்கென ஆங்கிலப் பாடசாலை ஒன்றையும் தொடங்கினார். பணமில்லாமல் அது சில ஆண்டுகளில் நின்றுபோனது. ஆயினும் தேவை நிற்கவில்லை. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. மதம் மாறாமல் ஆங்கிலம் படிக்க ஓர் இடம் வேண்டும் என்ற ஏக்கம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு அந்தக் கல்லூரியே சாட்சி.

படித்தவர்கள் எங்கே போனார்கள்? கொழும்புக் கந்தோர்களுக்கும், பிறகு மலாயாவுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மலாய் மாநிலங்களில் ரயில் பாதை போடப்பட்டபோது, ஆங்கிலம் எழுதவும் கணக்கு வைக்கவும் தெரிந்த ஆட்கள் அங்கே போதவில்லை. யாழ்ப்பாணத்தில் அத்தகையவர்கள் மிகுதியாக இருந்தார்கள். நிலைய அதிபர்களாக, எழுதுவினைஞர்களாக, நில அளவையாளர்களாகக் கப்பலேறினார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த கல்வீடுகளும், ஓய்வூதியத்தோடு திரும்பிவந்த ‘மலாயன் பென்சனியர்’மாரும் குடாநாட்டின் கிராமங்களை மாற்றியமைத்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் அங்கு ஆட்குறைப்பு வந்தது. உள்ளூரவர்க்கே முதலிடம் என்ற கொள்கையும் வலுத்தது. யாழ்ப்பாணத்தவரின் ஆங்கிலம் அப்படியே இருந்தது. வேலைதான் இல்லாமற் போனது. இந்தப் பாடத்தை நாம் போதிய அளவு படிக்கவில்லை என்பது என் எண்ணம்.

கொழும்புத்துறையையே எடுத்துக்கொள்வோம். ஊரின் பெயர் சொன்னால் நினைவுக்கு வரும் யோகர் சுவாமிகள் (1872–1964) சென். பற்றிக்ஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்று, கிளிநொச்சிப் பகுதி நீர்ப்பாசன வேலைத்தளத்தில் பண்டகக் காப்பாளராக இருந்தவர். அந்த உத்தியோகத்தை உதறிய பின்னரே அவர் இங்கே ஆச்சிரமக் கொட்டிலில் அமர்ந்தார். நல்லூரில் வாழ்ந்த சுவாமி ஞானப்பிரகாசரும் ரயில்வேத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்துவிட்டுத் துறவுக்குப் போனவர். பின்னர் பல மொழிகளைக் கற்றுத் தமிழின் சொற்பிறப்பை ஆராய்ந்தார். துறவிகளின் முற்கதையிலும் அரசாங்க உத்தியோகம் வருகிற அளவுக்கு ஆங்கிலமும் சம்பளமும் பின்னிக் கிடந்த காலம் அது. இதே ஊரில் கத்தோலிக்க ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை ஒன்றும் இருந்தது. தமிழில் கற்பிக்கும் ஆசிரியர்கள் அங்கே பயின்று வெளியேறினார்கள். ஆங்கில ஆசிரியருக்கு ஒரு சம்பளம், தமிழ் ஆசிரியருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்பது அன்றைய வழக்கம். தாய்மொழியில் நன்றாகக் கற்பித்தவர் குறைந்த கூலிக்காரராக நடத்தப்பட்ட அந்த அநீதியின் வடு இன்னும் ஆறவில்லை. பிள்ளை தமிழில் கெட்டிக்காரி என்றால் முகம் சுளிக்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள்.

ஆங்கிலத்தின் கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதே காலத்தில் நடந்த இன்னொரு மொழிக் கல்வியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அது சுருட்டுக்கடைச் சிங்களம்.

யாழ்ப்பாணத்துப் புகையிலைச் சுருட்டுக்குத் தெற்கிலே நல்ல கிராக்கி இருந்தது. காலி, மாத்தறை, குருநாகல், இரத்தினபுரி, பதுளை என்று சிங்கள ஊர்களின் சந்திகளில் யாழ்ப்பாணத்தவரின் கடைகள் இருந்தன. தீவுப்பகுதியிலிருந்து, குறிப்பாகப் புங்குடுதீவிலிருந்து, போனவர்கள் இதில் பேர்போனவர்கள். ஐந்தாம், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட பெடியன் மாமனின் கடைக்கு அனுப்பப்படுவான். கடைக்குள்ளேயே சாப்பாடு, கடைக்குள்ளேயே படுக்கை. காலையில் கதவுப் பலகை கழற்றுவதிலிருந்து அவனுடைய பாடம் தொடங்கும். முதலில் எண்களும் பொருட்களின் பெயர்களும் பிடிபடும். பிறகு கடன் கேட்பவரோடு மரியாதை குறையாமல் மறுத்துப் பேசும் பேச்சு வரும். அதற்குப் பின் அந்த ஊரின் கல்யாணம், செத்தவீடு, பன்சலை விசேடம் எல்லாவற்றிலும் கலந்துகொள்ளும் பழக்கம் வரும். சில வருடங்களில் கடன் கொப்பியைச் சிங்களத்தில் எழுதுவான். பிறகு சொந்தக் கடை. அவனுக்குப் பரீட்சையும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆனால் மொழி கற்று வாழ்க்கையில் முன்னேறியவர்கள் என்று எவரையாவது சொல்வதானால் அவர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1958, 1977, 1983 வன்செயல்களில் அந்தக் கடைகள் எரிந்தன; உரிமையாளர்கள் கப்பலிலும் ரயிலிலும் வெறுங்கையோடு வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு ஒரு தலைமுறையின் மொழித்திறனும் பயனற்றுப் போனது. எண்பதுகளில் யாழ்ப்பாணம் சிங்கள மகா வித்தியாலயமும் பாழானது. அதன்பின் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிங்களம் என்பது சோதனைச் சாவடியில் கேட்கிற மொழியாக மட்டுமே இருந்தது.

இந்த இடத்தில் 1956ஐப் பேசாமல் போக முடியாது. அதற்கு முன்னர் யாழ்ப்பாணம் சிங்களத்தை வெறுத்ததில்லை. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கி, பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என அறியப்பட்ட அமைப்பும், அதன் முன்னோடியான ஹண்டி பேரின்பநாயகமும், தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும் சிங்களப் பிள்ளைகள் தமிழும் கற்க வேண்டும் என்ற நிலைப்பாட்டில் நின்றார்கள். விருப்போடு நீட்டிய அந்தக் கையை 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் தட்டிவிட்டது. சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்றானது. அதுவரை ஆங்கிலத்தில் நேர்த்தியாக வேலை செய்துவந்த தமிழ் உத்தியோகத்தர், நடுவயதில், சிங்களப் பரீட்சை சித்தியடைந்தால்தான் சம்பள ஏற்றம் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டார்.

கோடீஸ்வரன் வழக்கு அதன் சாரத்தைக் காட்டும். அவர் நிறைவேற்று எழுதுவினைஞர் தரத்தில் இருந்த தமிழர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாததால் 1962இல் அவரது சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. வழக்குத் தொடர்ந்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின் மீது வழக்குத் தொடர முடியாது என்று கூறி அதை மாற்றியது. 1969இல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தக் கருத்துப் பிழை என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற அடிப்படைக் கேள்விக்கு விடை வருமுன்னரே 1972 அரசியலமைப்பு வந்துவிட்டது. கொழும்புத்துறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள பழைய கச்சேரி வாசலில் 1961இல் நடந்த சத்தியாக்கிரகமும் இதே மொழிப் பிரச்சினைக்குத்தான்.

ஆகவே சிங்களம் படியுங்கள் என்று இன்று ஒருவர் சொன்னால் பெரியவர்கள் சிலரின் முகம் மாறுவதில் நியாயம் இருக்கிறது. தண்டனையாக வந்த மொழி அது. ஆனால் வலிந்து திணிக்கப்பட்ட மொழி ஒன்று, சுருட்டுக்கடையில் பெடியன் தானாகக் கற்ற மொழி இன்னொன்று. எழுத்து ஒன்றுதான், கற்றவரின் நிலை வேறு. நான் இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி.

சட்டநிலை இப்போது மாறியிருக்கிறது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தம் நிர்வாகத்தில் இரு மொழிகளுக்கும் உரிய இடத்தை விரித்துரைத்தது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் வந்தது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கைப்படி, அவ்வருடம் யூலை 1ஆம் திகதிக்குப் பின் அரச சேவையில் சேர்பவர் ஐந்தாண்டுகளுக்குள் மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும். தமிழருக்குச் சிங்களம், சிங்களவருக்குத் தமிழ். அதே ஆண்டில் தேசிய மொழிக் கல்வி மற்றும் பயிற்சி நிறுவகமும் சட்டத்தால் அமைக்கப்பட்டு அகலவத்தையில் இயங்குகிறது.

தாளில் இருப்பது இது. மேசையில் நடப்பது வேறு. யாழ்ப்பாணத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளராக இருக்கும் பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். நாள் முழுக்க அவர் வேலை தமிழில்தான். பின்னேரம் கொழும்பு அமைச்சிலிருந்து கடிதம் ஒன்று வரும், சிங்களத்தில் மட்டும், நாளைக்குள் விபரம் அனுப்பச் சொல்லி. எழுத்துக் கூட்டி வாசிக்க அவருக்குத் தெரியும், பரீட்சைக்குப் படித்தவர்தானே. ஆனால் வசனத்தின் பொருள் பிடிபடாது. கடிதத்தைப் படமெடுத்துத் தெரிந்த ஒருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். அந்தக் கந்தோரில் சிங்களம் உண்மையாகவே தெரிந்த ஒருவர் இருந்தால் எல்லாக் கோப்பும் அவரிடம்தான் போகும். பயிற்சிகளுக்கும் கொழும்புக் கூட்டங்களுக்கும் அவர்தான் போவார். அமைச்சு தமிழில் எழுதாதது சட்ட மீறல். அதைத் தட்டிக் கேட்கத்தான் வேண்டும். தட்டிக் கேட்கவும் அந்தக் கடிதம் விளங்க வேண்டும்.

பாடசாலையில் ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டாம் மொழி என்று சிங்களம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் பல. ஆசிரியர் இருந்தாலும் எழுத்தும் சொற்பட்டியலும் மனனமும்தான். நான்கு வருடம் படித்த பிள்ளை அனுராதபுர பஸ் நிலையத்தில் வழி கேட்க முடியாமல் நிற்கிறது. பிள்ளையில் குறையில்லை, பேச வைக்காத பாடத்தில்தான் குறை.

உண்மையில் தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களம் மிகப் பக்கத்தில் உள்ள மொழி. அமெரிக்க வெளியுறவுச் சேவைப் பயிற்சி நிறுவகம் ஆங்கிலம் பேசுவோருக்குப் பிரெஞ்சுக்கு 600 முதல் 750 வகுப்பு மணித்தியாலம், ஜேர்மனுக்குச் சுமார் 900, சிங்களத்துக்கும் தமிழுக்கும் சுமார் 1,100, யப்பான், கொரிய மொழிகளுக்கு 2,200 என்று கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது. நம் வசனமும் சிங்கள வசனமும் ஒரே அச்சில் நிற்பவை. ‘மம கடேட யனவா’ என்றால் ‘நான் கடைக்குப் போகிறேன்’. சொல்லுக்குச் சொல் அதே இடம். பேச்சுச் சிங்களத்தில் வினை ஆளுக்கு ஆள் மாறுவதுமில்லை. மம யனவா, அபி யனவா, எயா யனவா: நானும் நாங்களும் அவரும் போவது ஒரே சொல்லால். தமிழ் கற்க வரும் சிங்களவருக்குப் போகிறேன், போகிறோம், போகிறார் என்று விகுதிகள் குறுக்கே நிற்கும்; நமக்கு அந்தச் சுமை இல்லை. இடர் வேறிடத்தில் இருக்கிறது. தமிழில் ‘க’ ஒன்றே வல்லொலிக்கும் மெல்லிய ஒலிக்கும் போதும்; சிங்களத்தில் இரண்டுக்கும் தனி எழுத்து. ட, த, ப வரிசைகளிலும் அப்படித்தான். சொல்வதெழுதலில் நம் பிள்ளைகள் புள்ளி இழப்பது பெரும்பாலும் இங்கேதான். எழுத்துச் சிங்களமோ பேச்சிலிருந்து வெகுதூரம் விலகியது. எனவே பேச்சை முதலில் பிடித்து எழுத்துக்குப் பிறகு போவதே வழி. பாடசாலை தலைகீழாகச் செய்கிறது.

சிங்களத்துக்கு இங்கே வேலை இருக்கிறதா? 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தபின் தெற்கிலிருந்து வரும் கூட்டத்தைக் குறிகட்டுவானில் போய்ப் பார்க்க வேண்டும். நயினாதீவு நாக விகாரைக்குப் போகும் பக்தர்கள் படகுக்கு வரிசையில் நிற்க, பனங்கட்டியும் புழுக்கொடியலும் விற்கும் அம்மாமார் சிங்களத்தில் விலை சொல்லி, பேரம் பேசி, சிரித்து வழியனுப்புகிறார்கள். எந்த வகுப்புக்கும் போகாதவர்கள் அவர்கள். வங்கி, காப்புறுதி, லீசிங் நிறுவனங்களின் கிளை முகாமையாளர் பதவிகள், தலைமைக் கந்தோருக்கு இடமாற்றம், கொழும்பிலிருந்து வடக்கே வரும் விநியோக நிறுவனங்களின் மேற்பார்வை வேலை, தொண்டு நிறுவனங்கள், நீதிமன்ற உரைபெயர்ப்பு, சட்டத்தரணித் தொழில் எல்லாவற்றிலும் மும்மொழி தெரிந்தவர் ஒரு படி முன்னே நிற்கிறார். சிங்களம்–தமிழ் மொழிபெயர்ப்பாளர் தட்டுப்பாடு நாடு முழுவதும் உள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்பியல் பட்டப்படிப்பே இருக்கிறது. பிறப்புச் சான்றிதழிலிருந்து காணி உறுதி வரை வெளிநாட்டுத் தூதரகங்களுக்கு ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டியிருப்பதால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் வாசலிலும் ஆட்கள் குறைவதில்லை. இன்னொன்றும் உண்டு. சிங்கள உத்தியோகத்தர் தமிழில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதி இருக்கிறபடியால் அவர்களுக்குத் தமிழ் கற்பிக்க ஆள் தேவை. சிங்களம் அறிந்த தமிழ் ஆசிரியரே அதற்கு ஏற்றவர். தமிழே வருமானமாகும் தொழில் அது. நம்மவர் கண்ணில் அது இன்னும் படவில்லை.

மொழிக்கும் சம்பளத்துக்கும் உள்ள உறவைப் பொருளியலாளர் அளந்திருக்கிறார்கள். இந்தியாவில் 2005இல் திரட்டிய தரவைக் கொண்டு அசாம், சின், பிரகாஷ் என்ற மூவர் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆங்கிலம் சரளமாகப் பேசும் ஆண்களின் மணித்தியாலக் கூலி, அறவே பேசாதவரைவிட 34 வீதம் அதிகம். கொஞ்சம் பேசுபவருக்கு 13 வீதம் அதிகம். விளம்பரக்காரர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆய்வு நிற்கவில்லை. இளவயதினரில், நன்கு படித்தவர்களுக்கே ஆங்கிலம் கூடுதல் கூலி தருகிறது. படிப்புக் குறைந்த இளைஞருக்கு அது தனித்து உதவுவதில்லை. அமெரிக்காவில் சயிஸ், சொய்டோ இருவரும் 2005இல் காட்டியது இன்னும் சிறியது: இரண்டாம் மொழி தெரிந்த பட்டதாரிக்குக் கிடைத்த மேலதிகம் 2 முதல் 3 வீதம். அங்கே ஆங்கிலமே போதும், ஆகவே மற்ற மொழிக்குச் சந்தை இல்லை. கனடாவின் கியூபெக்கில் நிலைமை வேறு. வேலையிடத்தில் ஆங்கிலத்தைப் பயன்படுத்தும் பிரெஞ்சுக்காரருக்கு நல்ல மேலதிகம் கிடைக்கிறது. மொழி தெரிவதற்கும், வேலையில் அதைப் புழங்குவதற்கும் இடையே உள்ள தூரத்தை இந்த ஆய்வுகள் தெளிவாகக் காட்டுகின்றன. நம் ஊரில் தாதியோ கணக்காளரோ கணினிப் பொறியியலாளரோ ஆங்கிலம் கற்றால் அது பலிக்கும். கைத்தொழில் ஒன்றுமில்லாமல் பேச்சு ஆங்கிலம் மட்டும் படித்த பிள்ளைக்கு அது பேச்சோடு நின்றுவிடும்.

வெளிநாட்டு மொழிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் விதிகள் வெளிப்படையானவை. 2007 முதல் ஜேர்மனிக்குப் போகும் வாழ்க்கைத்துணை ஏ1 நிலைச் சான்று காட்ட வேண்டும். யாழ்ப்பாணத்து ஜேர்மன் வகுப்புகள் நிரம்புவதன் பெரிய காரணம் கல்யாணம், வேலை அல்ல. ஏ1 என்பது அறிமுகப்படுத்திக்கொள்ளவும் கடையில் சாமான் வாங்கவும் போதுமான நிலை, அவ்வளவே. ஆங்கிலத்தில் பி2 நிலைக்கு 500 முதல் 600 மணித்தியாலக் கற்பித்தல் வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தரும் கணக்கு. வாரத்துக்கு நான்கு மணித்தியால ரியூசன் என்றால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று வருடம். மூன்று மாதத்தில் முடியும் என்பவரிடம் எந்த நிலை முடியும் என்று கேட்க வேண்டும். கொரியாவுடன் 2004இல் வேலைவாய்ப்பு உடன்படிக்கை ஆனது. வாசிப்பும் கேட்டலும் கொண்ட பரீட்சை, விண்ணப்பம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் ஊடாக மட்டும். யப்பானுடன் 2019இல் ஆனது. என்4 நிலை அல்லது அதற்கு நிகரான அடிப்படைப் பரீட்சை, அதோடு தொழிற்றிறன் பரீட்சை, முதியோர் பராமரிப்பென்றால் அதற்கான தனி மொழிப் பரீட்சை. இவ்விரு மொழிகளிலும் வினை கடைசியில் வருவதால் நம் பிள்ளைகளுக்கு வசனம் அமைப்பது ஆங்கிலேயருக்கு இருப்பதுபோல் அந்நியமில்லை. ஆனால் யப்பான் எழுத்து நீண்ட உழைப்பைக் கேட்கும்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக நாட்டைவிட்டுப் போனார்கள். போவதைத் தடுக்க நான் யார்? ஆனால் மலாயாவில் நடந்ததை மறக்கக்கூடாது. பிரித்தானியாவின் பராமரிப்பு ஊழியர் விசாவை நம்பி ஊரிலே எத்தனை பேர் ஆங்கிலப் பரீட்சைக்கு ஓடினார்கள்! 2024 மார்ச்சில் குடும்பத்தைக் கூட்டிச்செல்லும் வசதி நின்றது. 2025 யூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நின்றது. காணியை ஈடு வைத்து முகவருக்குக் காசு கட்டியவர்களுக்கு அந்தக் காசை யார் கொடுப்பது? ஆங்கிலம் கற்றவருக்கு அதையாவது வேறிடத்தில் பயன்படுத்தலாம். வேறெங்கும் புழங்காத மொழியை ஒரே விசாவுக்காகப் படித்தவருக்கு அதுவுமில்லை. ஆகவே நாட்டையும் தொழிலையும் தீர்மானித்த பிறகே அந்த மொழிக்குக் காசு கட்ட வேண்டும்.

கொழும்புத்துறையிலோ பாசையூரிலோ அரியாலையிலோ இருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு என் விடை இதுதான். தமிழைப் பிழையின்றி எழுதப் பழகு. மொழிபெயர்ப்பும் கற்பித்தலும் நிர்வாகமும் அதில்தான் நிற்கும். ஆங்கிலத்தை உன் தொழிலோடு சேர்த்து, எழுதும் அளவுக்குப் படி. சிங்களத்தைப் பேசும் அளவுக்குப் படி, யாரும் கட்டாயப்படுத்துமுன்னரே, உன் விருப்பத்தில். இந்த மூன்றும் இருந்தால் போகவும் இருக்கவும் உனக்கு வழியுண்டு.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் தெற்கிலிருந்து வந்த சிங்கள மாணவர் நிறையப் பேர் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் பேச ஆசை இருக்கிறது, சந்தர்ப்பம்தான் இல்லை. சனசமூக நிலையங்களும், கோயில் மண்டபங்களும், பங்கு மண்டபங்களும், பழைய மாணவர் சங்கங்களும் வாரத்தில் இரண்டு பின்னேரம் இடம் கொடுத்தால் போதும். ஒரு மணித்தியாலம் அவர்கள் நம் பிள்ளைகளோடு சிங்களத்தில் பேசட்டும், அடுத்த மணித்தியாலம் நம் பிள்ளைகள் அவர்களோடு தமிழில் பேசட்டும். புத்தகமும் பரீட்சையும் பிறகு வரட்டும். வெளிநாட்டிலிருந்து ஊர்ச் சங்கங்கள் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை நல்ல சிங்கள, ஆங்கில ஆசிரியரின் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள். வரும் தை மாதத்திலேயே தொடங்கலாம்.